வண்டிப்பாதை வேப்பமரம்: வெட்ட வேண்டாம், கவாத்து செய்யுங்கள்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் வேப்பமரம் நிற்காத வீட்டு வாசலையோ களத்துமேட்டையோ காண்பது அரிது. தாத்தா காலத்தில் நிழலுக்கென்று வைத்த கன்று இன்று முப்பது, நாற்பது அடி உயர மரமாகி நிற்கிறது. அன்று அந்த வழியில் சென்றது மாட்டு வண்டி. இன்று அதே வழியில் டிராக்டரும், சோளத்தட்டை ஏற்றிய டிரெய்லரும், மக்காச்சோள அறுவடை இயந்திரமும் செல்ல வேண்டியிருக்கிறது. தாழ்ந்த கிளைகள் பாரத்தில் மாட்டி முறிகின்றன. ஓட்டுநர் உள்ளே வர மறுக்கிறார். கதிர் காட்டிலேயே கிடக்கிறது. உடனே "மரத்தை அடியோடு எடுத்துவிடலாம்" என்ற பேச்சு எழுகிறது. அல்லது தலையை மொட்டையடித்து விடுகிறார்கள்.

இவ்விரண்டும் தேவையற்றவை. முறையாகக் கவாத்து செய்தால் பாதையும் கிடைக்கும், மரமும் நிற்கும். எந்தக் கிளையை, எந்த மாதத்தில், எந்த இடத்தில் வெட்டுவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மரத்தினால் வரும் வருவாய்

நன்கு வளர்ந்த ஒரு வேப்பமரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 முதல் 50 கிலோ பழம் தருகிறது. வேப்பங்கொட்டைப் பருப்பு 5 கிலோவை இடித்து, ஊற வைத்து, வடிகட்டி, 100 லிட்டர் கரைசலாக்கினால் அதுவே 5 சத வேப்பங்கொட்டைச் சாறு. உளுந்து, பருத்தி, மிளகாய் ஆகிய பயிர்களில் இலைதின்னும் புழுக்களையும் சாறு உறிஞ்சும் பூச்சிகளையும் கட்டுப்படுத்த இது பயன்படுவதை விவசாயிகள் அறிவார்கள். வேப்பந்தழையில் ஏறத்தாழ 2.8 சதம் தழைச்சத்து உண்டு. வெள்ளாடுகளுக்குக் கோடையில் குழை கிடைக்கிறது. வீட்டின் மேற்குப் பக்கத்து மரமானால் மாலை வெயிலையும் தடுக்கிறது. வெட்டிய மரத்தின் விறகு ஒரு முறை பணம் தரும். அதே அளவு நிழல் மீண்டும் கிடைக்கப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும்.

மரம் வளரும் விதம்

கவாத்துக்கு முன் ஓர் உண்மையை மனத்தில் கொள்ள வேண்டும். மரம் நுனியில்தான் உயரமாக வளர்கிறது. அடிமரம் பருக்க மட்டுமே செய்யும். ஆகவே இன்று தரையிலிருந்து 9 அடி உயரத்தில் தோன்றியுள்ள கிளை, ஐம்பது ஆண்டுகள் கழிந்தாலும் 9 அடி உயரத்தில்தான் இருக்கும். "மரம் வளர்ந்தால் கிளையும் மேலே போய்விடும்" என்று காத்திருப்பதில் பயனில்லை. காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் அக்கிளை பருத்து, பின்னால் வெட்டும்போது காயம் பெரிதாகும். கட்டை விரல் கனத்தில் எடுக்கப்பட வேண்டிய கிளை, தொடை கனத்தில் எடுக்கப்படுவதே நமது மரங்களின் பெருங்குறை.

அடுத்ததாக, இலையே மரத்தின் அடுப்படி. மரத்துக்கும் வேருக்கும் வேண்டிய உணவு அங்குதான் தயாராகிறது. ஒரே ஆண்டில் பச்சை இலைத் தொகுதியில் நாலில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் வேர் பட்டினி கிடக்கும். வயதான மரத்தில் இதனினும் குறைவாகவே எடுக்க வேண்டும். மரத்தின் மொத்த உயரத்தில் மேல் மூன்றில் இரண்டு பங்கு தழையுடன் இருப்பது நலம்.

மொட்டையடிப்பதால் வரும் கேடு

மொட்டையடித்த வேப்பமரம் இரண்டு மாதத்தில் அடர்ந்து துளிர்ப்பதைப் பார்த்து, "மரம் புதுப்பிறவி எடுத்துவிட்டது" என்று மகிழ்வோர் உண்டு. உண்மை வேறு. உணவுக்கு வழியின்றி, மரம் தன் சேமிப்பைச் செலவழித்து அவசரமாகத் தள்ளும் சிம்புகள் அவை. இயல்பான கிளை அடிமரத்தின் கட்டைக்குள் ஆழமாகப் பிணைந்திருக்கும். இச்சிம்புகளோ பட்டையை அடுத்த மேலடுக்கில் மட்டுமே ஒட்டியிருக்கும். வெட்டிய பெரிய கட்டை உள்ளே உளுத்துக்கொண்டே போக, சிம்புகள் மேலே கனத்துக்கொண்டே போகும்.

நமது பகுதியில் இது சாதாரண ஆபத்தன்று. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கும் மேல்காற்று எத்தகையது என்பதை நாம் அறிவோம். மொட்டையடித்து மூன்று, நான்கு ஆண்டு ஆன மரத்தின் சிம்புகள் அந்தக் காற்றில் அடியோடு பிய்ந்து விழும். பாதையில் நிற்கும் பிள்ளைகள் மீதோ, கட்டியிருக்கும் மாட்டின் மீதோ விழாது என்பதற்கு உறுதியில்லை. மேலும், நிழலில் இருந்து பழகிய பட்டை திடீரென்று வெயில் பட்டு வெடித்து, பூசணமும் துளைப்பானும் நுழைய வழியாகிறது.

ஏற்ற பருவம்

தை மாதப் பிற்பகுதி முதல் மாசி முடிய, அதாவது பிப்ரவரி தொடக்கம் முதல் மார்ச் நடு வரை, நமது பகுதிக்கு ஏற்ற காலம். இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

1. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து காற்றில் ஈரம் குறைந்திருக்கும். பூசண வித்துகள் புது வெட்டுக் காயத்தில் முளைப்பது குறையும்.

2. வேம்பு பசுமை மாறாத மரமாயினும் இந்நாட்களில் பழைய இலைகளில் பெரும்பகுதியை உதிர்க்கும். கிளைகளின் அமைப்பு கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். பங்குனியில் புதுத்துளிர் வரும்போது காயத்தைச் சுற்றிப் புதுத்திசு உருளத் தொடங்கும்.

3. ஆடிக்காற்றுக்கு முன் மரத்தின் பாரம் குறைந்திருக்கும், புதுத்துளிரும் முற்றியிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் வேம்பை வெட்டுவதை அறவே தவிர்க்க வேண்டும். முறிந்து தொங்கும் கிளை மட்டும் இதற்கு விலக்கு. அதை எப்போதும் உடனே எடுத்துவிட வேண்டும்.

கருகிய மரம் செத்த மரமன்று

அண்மை ஆண்டுகளில் தமிழகத்தின் பல மாவட்டங்களில் வேப்பமரங்கள் நெருப்புப் பட்டதுபோல் நுனி கருகி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். தேயிலைக் கொசு எனப்படும் நாவாய்ப்பூச்சி இளந்தளிரில் சாறு உறிஞ்சுவதும், ஃபோமாப்சிஸ் என்னும் பூசணம் நுனிக்கொம்புகளைத் தாக்குவதும் இதற்குக் காரணங்கள். மழைக்காலத்திலும் அதனை அடுத்த பனிக்காலத்திலும் இது மிகும். இதைப் பார்த்து மரம் பட்டுவிட்டது என்று எண்ணி வெட்டி விற்றவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். பென்சில் கனமுள்ள கொம்பின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக ஈரம் இருந்தால் அக்கொம்பு உயிரோடு இருக்கிறது. பெரும்பாலான மரங்கள் பங்குனி, சித்திரையில் மீண்டும் துளிர்த்துவிடும். கருகிய நுனிகளை, பச்சைப் பகுதியில் அரை அடி உட்பட, மாசிக் கவாத்தின்போது நீக்கி எரித்துவிட வேண்டும். அவற்றை ஆட்டுக்கொட்டிலிலோ குப்பைக் குழியிலோ சேர்க்கக்கூடாது.

வெட்டும் முன் செய்ய வேண்டியவை

முதலில் மின்கம்பியைப் பாருங்கள். மரத்தினுள்ளோ அருகிலோ மின்கம்பி சென்றால் நீங்களாக ஏறுதல் கூடாது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, மின்சாரத்தை நிறுத்திய பின்னரே, அவர்கள் முன்னிலையில் வேலை நடைபெற வேண்டும். இரும்புத் தொரட்டியும் அலுமினிய ஏணியும் அங்கு எமன். பச்சைக் கிளையும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை மறக்கலாகாது.

மரம் நிற்கும் இடம் உங்கள் பட்டாவில் உள்ளதா என்று பாருங்கள். புறம்போக்கிலோ சாலையோரத்திலோ நிற்பதானால், உரிய அலுவலகத்தில் அனுமதி பெற்றே தொட வேண்டும்.

பறவைக்கூடும் தேன்கூடும் உள்ளனவா என்று கீழிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும். மரத்தின் நடுவே குளவிக்கூட்டைக் கண்டு குதித்தவர்கள் கால் ஒடிந்ததுண்டு.

பிறகு பாதையை அளவிடுங்கள். பாரம் ஏற்றிய டிரெய்லரும் அறுவடை இயந்திரமும் தடையின்றிச் செல்லத் தரையிலிருந்து 15 அடி இடைவெளி போதுமானது. ஒரு மூங்கில் கழியில் 15 அடியைக் குறித்துக்கொண்டு பாதை நெடுக நடந்தால், எந்தக் கிளை இடிக்கிறது என்பது தெரிந்துவிடும். இந்த 15 அடி பாதைக்கு மேலே மட்டுமே தேவை. மறுபக்கத்துக் கிளைகள் தாழ்ந்திருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

வெட்ட வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் சுண்ணாம்பால் கோடு போட்டுவிடுங்கள். இது முக்கியம். மரம் வெட்டுவோர் கூலிக்குப் பதிலாக விறகை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு பல ஊர்களில் உண்டு. அந்த ஏற்பாட்டில் வெட்டுபவருக்குக் கனத்த கிளையே ஆதாயம். மரத்துக்கோ மெல்லிய கிளையை எடுப்பதே நலம். ஆகவே கூலியைப் பணமாகப் பேசிக்கொள்வதே மரத்தைக் காக்கும் வழி.

எவற்றை நீக்குவது

கீழ்க்கண்ட வரிசையில் செல்ல வேண்டும்.

1. காய்ந்தவை, முறிந்தவை, நோயுற்றவை.
2. ஒன்றோடொன்று உரசும் கிளைகளில் மெலிந்தது.
3. அடிமரத்திலிருந்தும் பழைய வெட்டுக்களிலிருந்தும் கிளம்பிய சிம்புகள்.
4. பாதையின் 15 அடிக்குள் தொங்கும் சிறு கொம்புகள்.
5. இவற்றுக்குப் பின்னும் பாதை அடைபட்டிருந்தால் மட்டுமே, முழுக்கிளை.

பெரும்பாலான மரங்களில் நான்காம் படியோடு வேலை முடிந்துவிடும். நுனிக்கொம்புகளின் பாரம் குறைந்ததும் தாழ்ந்த கிளை தானே ஓரிரு அடி மேலெழும்.

வெட்டும் இடம்

கிளை அடிமரத்தைச் சந்திக்கும் இடத்தைக் கூர்ந்து நோக்கினால், அங்கு வளையல் போன்ற ஒரு புடைப்பைக் காணலாம். அதைக் கிளையின் கழுத்து எனலாம். காயத்தை மூடும் திசுவும் பூசணத்தைத் தடுக்கும் பகுதியும் இக்கழுத்தினுள் உள்ளன. இதற்கு வெளியே, இதை ஒட்டி வெட்டுவதே சரியான வெட்டு.

அடிமரத்தோடு வழவழப்பாக இழைத்து வெட்டுவதே அழகு என்று உலகெங்கும் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர் அலெக்ஸ் ஷைகோ (1930-2006) ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் அறுத்துப் பார்த்து, கழுத்தை இழந்த காயத்திலிருந்து அழுகல் அடிமரத்துக்குள் இறங்குவதைக் காட்டினார். மரம் காயத்தை ஆற்றுவதில்லை. காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி அதை உள்ளே அடைத்துவிடுகிறது என்பதே அவரது ஆய்வின் சாரம். அந்தச் சுவரை எழுப்பும் கொத்தனார் கழுத்தில் இருக்கிறார்.

இதற்கு நேர்மாறான தவறு, ஒரு முழம் கட்டையை நீட்டி விட்டு வெட்டுவது. மாட்டுக்கயிறு கட்டவும் துணி உலர்த்தவும் அது உதவலாம். ஆனால் அக்கட்டை பட்டுப்போய், காயம் மூட முடியாமல், பூசணத்தை உள்ளே அழைக்கும் வாசலாகிவிடும்.

மூன்று வெட்டு முறை

மணிக்கட்டு கனத்துக்கு மேற்பட்ட கிளையை ஒரே வெட்டில் எடுத்தால், பாரத்தால் அது பாதியில் முறிந்து, அடிமரத்துப் பட்டையையும் சேர்த்து உரித்துக்கொண்டு விழும். அதைத் தவிர்க்கும் முறை இது:

முதல் வெட்டு: கழுத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கிக் கால்பங்கு கனம் அறுக்க வேண்டும்.

இரண்டாம் வெட்டு: அதற்கு இரண்டு, மூன்று அங்குலம் வெளியே, மேலிருந்து கீழாக முழுவதும் அறுக்க வேண்டும். கிளை விழுந்துவிடும், உரிந்தாலும் முதல் வெட்டோடு நின்றுவிடும்.

மூன்றாம் வெட்டு: பாரமற்ற மீதிக்கட்டையைக் கையால் தாங்கிக்கொண்டு, கழுத்தை ஒட்டி அறுத்து எடுக்க வேண்டும்.

கிளை விழும் இடம் ஓட்டுக்கூரையோ, தொட்டியோ, கொட்டிலோ ஆனால், கயிறு கட்டி மேல்கவட்டில் போட்டு மெல்ல இறக்க வேண்டும். அரிவாளால் கொத்துவதைவிட ரம்பத்தால் அறுப்பதே நல்லது; கொத்திய காயம் பிசிறடித்து மூடத் தாமதமாகும். ஒரு மரத்தில் வேலை முடிந்ததும் ரம்பத்தை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்த பின்னரே அடுத்த மரத்துக்குச் செல்ல வேண்டும். இயந்திர ரம்பத்தை ஏணியில் நின்றோ, தோளுக்கு மேல் உயர்த்தியோ இயக்கக்கூடாது. மேலே ஆள் இருக்கும்போது கீழே யாரும் நிற்கலாகாது.

கனத்த கிளைக்கு மாற்று வழி

நான்கு அங்குலத்துக்கு மேல் கனத்த கிளையில் வயிரம் பாய்ந்திருக்கும். அத்தகைய பெருங்காயம் மூடப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே கனத்த கிளையை முழுவதுமாக எடுக்காமல் குட்டையாக்குவது மேல். மேல்நோக்கிச் செல்லும் ஒரு பக்கக்கொம்பைத் தேர்ந்து, அது பிரியும் இடத்தில் தாய்க்கிளையின் நீட்டத்தை வெட்டிவிட வேண்டும். விடப்படும் கொம்பு, வெட்டப்படும் இடத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அதனினும் மெலிந்தால் அதனால் கிளையைத் தாங்கி நடத்த இயலாது, சிம்புக்கூட்டம்தான் கிளம்பும்.

ஓர் உதாரணம்

36 அடி உயர மரம். பாதையின் மேல் மூன்று கிளைகள் என்று கொள்வோம். முதற்கிளை 9 அடி உயரத்தில், 3 அங்குலக் கனம். இரண்டாவது 11 அடி உயரத்தில், 7 அங்குலக் கனம். மூன்றாவது 14 அடி உயரத்தில் தோன்றினாலும் நுனி 10 அடிக்குத் தொங்குகிறது.

முதலாண்டு மாசியில் காய்ந்தவற்றை எடுத்துவிட்டு, முதற்கிளையைக் கழுத்தை ஒட்டி முழுவதும் நீக்கலாம். இரண்டாம் கிளையை, அது 5 அங்குலக் கனமுள்ள இடத்தில், மேல்நோக்கிய இரண்டரை அங்குலக் கொம்பு ஒன்றுக்குக் குட்டையாக்கலாம். இரண்டாமாண்டில் மூன்றாம் கிளையின் தொங்கும் கொம்புகளை நீக்கலாம். அதுவரை அதன் நுனியைப் பாரம் ஏற்றி வரும் நாட்களில் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். மூன்றாமாண்டில் எஞ்சிய சிம்புகளையும், இரண்டாம் கிளையில் மீண்டும் தாழ்ந்த கொம்புகளையும் எடுத்துவிட்டால் வேலை நிறைவுறும். மூன்றாண்டும் சேர்ந்து பாதை திறந்துவிடும். எந்த ஆண்டிலும் நாலில் ஒரு பங்கு தழை குறைந்திராது.

காயத்துக்கு மருந்து

தார், பெயிண்டு, சாணம் முதலியன அழுகலைத் தடுப்பதில்லை. சில சமயம் ஈரத்தை உள்ளே நிறுத்திக் கெடுதலே செய்யும். சரியான இடத்தில் வெட்டிய சிறு காயத்துக்கு எதுவும் தேவையில்லை. நுனிக்கருகல் உள்ள ஊர்களில், இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட காயங்களில் பூசணம் முளைப்பதைக் குறைக்கப் போர்டோ பசை தடவலாம். மயில்துத்தம் 100 கிராமை அரை லிட்டர் நீரிலும், சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்க வேண்டும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே பயன்படுத்த வேண்டும். தீட்டிய கத்தியை ஒரு நிமிடம் அமிழ்த்தினால் செம்பு நிறம் படியக்கூடாது. படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றே தயாரித்து அன்றே தடவிவிட வேண்டும்.

வேரைக் காத்தல்

பாதையோர மரத்துக்குக் கிளையில் மட்டுமன்று, வேரிலும் துன்பம் உண்டு. டிராக்டர் சக்கரம் நாள்தோறும் ஏறி மண் இறுகினால் வேருக்குக் காற்றும் நீரும் எட்டாது. அடிமரத்தைச் சுற்றி ஆறு அடியாவது வண்டி ஏறாதபடி கல் வைத்து மறிக்க வேண்டும். பாதைக்குச் சிமெண்டுத் தளம் போட்டாலும் அந்த வட்டத்தை மண்ணாகவே விட வேண்டும். மண் கொட்டி அடிமரத்தை மூடக்கூடாது. கிளையைக் குறைத்த ஆண்டில் வாய்க்காலுக்கோ சுவருக்கோ வேரை வெட்டுவது ஆகாது. ஆடிக்காற்றில் மரம் சாய்ந்துவிடும். மின்விளக்குக்காக அடிமரத்தில் சுற்றிய கம்பியையும் அவிழ்த்துவிடுங்கள். மரம் பருக்கும்போது அது பட்டையை அறுத்துக் கழுத்தை நெரிக்கும்.

கவாத்துக்குப் பின் யூரியா இடுவது வேண்டாம். அது சிம்புகளையே வளர்க்கும். கோடை கடுமையானால் கிளைகளின் நுனிக்கு நேர்கீழே ஒரு முறை நன்கு நீர் விட்டால் போதும். வைகாசியில் ஒரு நாள் மரத்தைச் சுற்றி வந்து, வெட்டிய இடங்களில் கிளம்பும் இளஞ்சிம்புகளைக் கையாலேயே கிள்ளி எறிந்துவிட வேண்டும்.

எப்போது மரத்தை எடுத்துவிடலாம்

அடிமரத்தைத் தட்டினால் பெரும்பகுதி பொள்ளல் ஒலி கேட்பது, அடியில் காளான் தட்டுக்கள் தோன்றுவது, மரம் புதிதாகச் சாய்ந்து மறுபக்கம் மண் வெடிப்பது ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். வீட்டுக்கோ பாதைக்கோ மேல் நிற்கும் இத்தகைய மரத்தை ஆடிக்கு முன் எடுத்துவிடுவதே அறிவுடைமை. எடுத்த மரத்துக்குப் பதில் புதுக்கன்று நடும்போது, பாதையின் ஓரத்திலிருந்து 15 அடி தள்ளி, மின்கம்பிக்குக் கீழ் வராத இடமாகப் பார்த்து நட வேண்டும். முதல் ஐந்து, ஆறு ஆண்டுகளில் ஆண்டுதோறும் கீழ்க்கிளைகளைச் சிறிது சிறிதாகக் கழித்து ஒற்றை அடிமரமாக வளர்த்தால், பிற்காலத்தில் ரம்பத்துக்கே வேலை இராது.

விவசாயப் பெருமக்கள் வரும் மாசியில் மரம் வெட்டும் ஆளை அழைக்கும் முன், 15 அடி மூங்கில் கழியும் ஒரு கிண்ணம் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு தங்கள் வாசல் மரத்தை ஒரு முறை சுற்றி வாருங்கள். வெட்ட நினைத்த மரத்தில், உண்மையில் நீக்க வேண்டியது மூன்று கிளைகளே என்பது தெரிய வரும்.